நடுவில் இருப்பது

பட்டியலில் எங்கள் குடும்பப் பெயர்
மூன்று முறை இருந்தது.
தொண்ணூற்று மூன்று, மார்ச்.
முகாம் வாசலில் மூன்று பேருந்துகள்.
எந்த ஊரில் எத்தனை கட்டில் காலியோ அதன்படி
அண்ணன் தம்பிகளைப் பிரித்து ஏற்றினாள் ஒருத்தி,
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு.

நெர்மினுக்கு ஆஸ்லோ.
எல்மெதினாவுக்கு பெர்கன்.
எனக்கு ஆல்த்தா.
நார்வே வரைபடத்தில் அப்பா
விரலை மேலே மேலே நகர்த்தி
தாள் தீருகிற இடத்தில் நிறுத்தினாராம்.
அப்போது நான் பத்தொன்பது மாதம்.
பொஸ்னியா எனக்குக் கேள்விஞானம்.

ஆல்த்தாவில் ஆமென்று சொல்ல
மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள்.
அவ்வளவுதான், வார்த்தை கிடையாது.
முதல் வாரம் அம்மா, தபால்காரிக்கு
என்னவோ ஆகிவிட்டதென்று
தண்ணீர் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள்.
எனக்கு அது பல்லோடு முளைத்தது.
பத்து வயதில், தொலைபேசியில் நெர்மின்:
"நல்லா இருக்கியா?"
மூச்சை இழுத்தேன்.
"அழுறாம்மா" என்று
பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

அவன் வகுப்பில் டீச்சர்
நாக்குத் தடுக்காமல் படித்த பெயர்கள்
நாலோ ஐந்தோ.
சோமாலியப் பையனின் சத்தியம்,
பாகிஸ்தான் பையனின் வசவு,
எல்லாம் அவன் பேச்சில் உண்டு.
மாடிக்கு மாடி நம் ஆட்கள் இருந்ததால்
வீட்டு மொழியும் சரளம்.
என்னிடம் அதில் மிஞ்சியது
திட்டும் சமையலும்.
ஆனால் என் முதல் பல் விழுந்தது
ஊர் முழுக்கத் தெரியும்;
ஸ்கீயோடு ஓடையில் நான் விழுந்ததும்.

எல்மெதினாவிடம்
மழையைப் பற்றி மட்டும் குறை சொல்லக் கூடாது.

நேற்று அவள் கல்யாணம்.
கேக் வெட்டியபின் பெரியம்மா
கைப்பையிலிருந்து எடுத்தாள்:
முகாமில் எடுத்த படம்.
சாம்பல் போர்வை, மூன்று தலைகள்.
"இது நான்" என்று நடுவிலிருந்த குழந்தையைத் தொட்டேன்.
'நான்' எங்கள் பக்கம்
ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில்
ஆட்டுக்குட்டி கூப்பிடுகிற ஒலி.
"யெய்" என்றான் நெர்மின்.
"எக்" என்றாள் எல்மெதினா, மருதாணி காயாத விரலோடு.
மூன்று விரலும் ஒரே குழந்தை மேல்.

அம்மாக்களைக் கூப்பிட்டோம்.
மூவரும் கண்ணாடி தேடினார்கள்.
ஒருத்தி காதைப் பார்த்தாள், ஒருத்தி புருவத்தை.
"எல்லாத்துக்கும் ஒரே தொப்பியைக் குடுத்தாங்களே" என்றாள் அம்மா.
பெரியம்மா படத்தை விளக்கடியில் சாய்த்தாள்.
"முன்பல்லைப் பார்த்தா சொல்லிடுவேன்.
வாய் மூடியிருக்கே."