முதலில் திரும்பி வருவது

ஒயுன்சிமெக் வந்தாலே
மேசையைத் துடைத்து வைப்பேன்.
எல்லாவற்றையும் பரப்பிவிட்டு
ஒவ்வொன்றாய்க் குறைப்பாள்.

முதலில் திரும்பி வருவது சர்க்கரை,
அடுத்தது வெண்ணெய்.
மாவும் கரி மூட்டையும் அசையா.
உலான்பாத்தர் குளிர் பேரம் பேசாது.
புருஷனின் சிகரெட்டும் அசையாது,
பதினோரு வருஷமாய்.

இன்று துக்ரிக் நோட்டுகளை
இரண்டு முறை எண்ணிவிட்டு
சிகரெட்டை என் பக்கம் தள்ளினாள்.

"கன்போல்ட் கணக்கில் எழுதவா?"
"அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு."
கிழிப்பதாவது. நாலு பாக்கெட் பாக்கி.

மிஞ்சிய பணத்துக்கு ஓர் ஆரஞ்சு.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
நின்ற இடத்திலேயே உரித்து
முழுதும் தின்றாள்.

போகிறபோது
சர்க்கரையை மறுபடி எடுத்து
விலை பார்த்தாள்.
வைத்துவிட்டாள்.