ஒன்பதாயிரம் லிட்டர்

பதினோராம் நாள் பூங்கோதைக்குத் தலைவலி.
பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை,
அப்படித்தான் என்றோம்.
மறுநாள் விடிகாலை
வலது கை தனியாக ஆடத் தொடங்கியது,
அவளுக்குச் சம்பந்தமில்லாத கை போல.
வியாசர்பாடியிலிருந்து ஆட்டோவில்
அவள் தலை என் மடியில்.
சிக்னலில் நின்றபோதும்
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில்
படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து
டாக்டர் சொன்னார்:
ரத்தம் மூளைக்குப் போகிறது,
திரும்பி வரும் வழி அடைத்திருக்கிறது.
எனக்குப் புரிந்தது.
ஐப்பசியில் எங்கள் தெருவும் அதுதான்.

"தண்ணி குடிச்சாங்களா?"

பச்சை உடம்பு, தண்ணீர் ஆகாது, வயிறு தொங்கிவிடும்:
சொன்னவர்கள் பலர்.
சொம்பை எடுத்துப் பரண்மேல் வைத்தது நான்.
தண்ணி லாரி ஓட்டுகிற நான்.
நடைக்கு ஒன்பதாயிரம் லிட்டர்,
நாளைக்கு ஐந்து நடை.
டாக்டருக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேனோ.

பன்னிரண்டு மணிக்கொரு ஊசி, வயிற்றில்.
நாவல்பழம் நசுங்கினாற்போல அங்கங்கே கன்றியது.
சிஸ்டர் ஜெசிந்தா பேனாவைக் காட்டுவார், இது என்ன?
சீப்பு.
கடிகாரம்?
சீப்பு.
இவர் யாரு?
வெகுநேரம் பார்த்தாள்.
சீப்பு என்று சொல்லாமல் விட்டதே
அன்றைக்குப் போதுமாயிருந்தது.

இரவில் வராந்தாவில்
செருப்பைத் தலைக்கு வைத்துப் படுப்போம்,
நானும் ஒரு திருத்தணிக்காரரும்.
அவர் தம்பிக்கும் இதே அடைப்பு, ஆறாம் படுக்கை.
ஒரு விடியலில் செருப்பை மாட்டிக்கொண்டு
என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.
பிறகு ஆறாம் படுக்கையில்
வேறு போர்வை.

ஒன்பதாம் நாள்
பால் கட்டி நைட்டி நனைந்திருந்தது.
ஈரத்தைத் தொட்டுப் பார்த்து
"எங்க?" என்றாள்.
யார் எங்கே என்று நான் கேட்கவில்லை.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
கேட்டுப் பக்கம் வரச்சொல்லி
அக்காவுக்குப் போன் போட்டேன்.

இப்போது மாதமொருமுறை ரத்தம் கொடுத்து
ஒரு எண் வாங்கி வருகிறோம்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கவேண்டும்.
போன முறை இரண்டு புள்ளி நான்கு.
கீரைக்காரி கூப்பிட்டால்
கை காட்டி அனுப்பிவிடுகிறாள்.
குக்கர் மூடி இன்னும் வலது கைக்கு வசப்படவில்லை.
எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிட்டது,
சீப்பை மட்டும் "அது" என்கிறாள்.

லாரி எடுக்குமுன்
என் கண்ணெதிரே ஒரு டம்ளர் குடிக்கவேண்டும்.
இன்னொன்று என்கிறேன்.
"உன் லாரியவே கொண்டாந்து
வாயில ஊத்து"
என்கிறாள்,
திக்கித் திக்கி,
ஒரு வார்த்தை விடாமல்.