முப்பத்தொன்றாவது பிரதி

எல்லோரும் அவர் கண்களைப் பற்றிக் கேட்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது அவர் இருமல்.
அமிலத் தட்டின்மேல் குனிந்து
கடற்புறா இறகால் குமிழிகளைத் தள்ளும்போது வரும் இருமல்.
மஞ்சள் புகை.
ஜன்னல் திறக்க விடமாட்டார், தூசி விழுமாம்.

நான் அர்ஜியா. சக்கரம் சுற்றியவள்.
கொமாக்கியோவில் விலாங்கு பதப்படுத்தும் ஆலையில்
காடிப் பீப்பாய் உருட்டிய கை இது.
அச்சு இயந்திரத்துக்கு இந்தக் கை போதும் என்றார்
லெயோனிதா கவலியேரி.
பிரதிக்கு இவ்வளவு என்று கூலி.
கெட்டுப்போன பிரதிக்குக் கிடையாது.

ஓவியரும்தான்.
தைல வண்ணத்தில் பன்னிரண்டு: சதுப்பு, வானம், மறுபடி சதுப்பு.
ஒன்றும் விற்கவில்லை.
பதினோராவது, கோழிக்கூண்டுக்குக் கதவாயிற்று.
கோழிகள் குறை சொல்லவில்லை.

செம்பில் மட்டும் அவர் வேறு ஆள்.
தேன்மெழுகும் தாரும் பூசி,
மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கி, ஊசியால் கீறுவார்.
கீறிய இடமெல்லாம் செம்பு சிவந்து மினுங்கும்.
வலத்தை இடமாக, இடத்தை வலமாக
யோசித்துப் பழகிய மனிதர்;
தெருவில் எதிரே வருபவருக்கு வழிவிடும்போதும்
தப்பான பக்கமே ஒதுங்குவார்.

அந்தக் கறுப்பு வானம், எல்லோரும் புகழ்கிறார்களே,
அதைச் சொல்கிறேன்.
தகடு அமிலத்தில் கிடந்தது. ஏழு நிமிடம் கணக்கு.
வாசலில் கசாப்புக்காரர் எஜிதியோ, நாலு மாதக் கடனுக்கு.
இவர் கெஞ்ச, அவர் கத்த,
எப்படியோ பேச்சு சைக்கிள் பந்தயத்துக்குத் திரும்பி
இருவரும் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.
உள்ளே வந்தால்
மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று தின்று முடித்திருந்தன.
பகல் வரைந்த இடத்தில் நள்ளிரவு.
தூக்கியெறியப் போனார்.
கூலி போய்விடுமே என்று நான்தான் மை தடவினேன்.
ஃபெராராவில் ஒருவர் எழுதினார்:
"கவலியேரியின் துயரம்."
எஜிதியோவுக்கும் ஒரு பிரதி கொடுத்தோம்.
கடன் கடனாகவே இருந்தது.

ஈரத் தாளை உரிக்கும்போது
ஓரத்தில் என் கட்டைவிரல் பட்டுவிடும்.
அவர் பேசாமல் கத்தியால் அந்த ஓரத்தை நறுக்குவார்.
பிறகு பென்சிலைச் சீவி, வலது மூலையில் தன் பெயர்.
இருபத்தாறு வருடம்.
நறுக்கியவற்றை அடுப்பு மூட்ட வீட்டுக்குக் கொண்டுபோவேன்.
கோபமா என்று கேட்காதீர்கள்.
நன்றாக எரிந்தன.

ஒரு தகட்டுக்கு முப்பது பிரதி, அவ்வளவுதான்.
அப்புறம் ஆணியால் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுவார்.
சொன்ன சொல் சொன்னதுதான்.
கடைசித் தகட்டைக் கீறியபோது கை நடுங்கியது,
ஒரு கோடும் நேராக வரவில்லை.

பிப்ரவரியில் அடக்கம்.
மார்ச்சில் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண், வெள்ளைக் கையுறையோடு.
பிரதிகளை எண்ணினாள், கோழிக்கூண்டுக் கதவைக்கூடக் கழற்றினாள்.
கீறிய தகட்டைத் திருப்பிப் பார்த்து
"இது வேண்டாம்" என்றாள்.

அவள் வண்டி பாலம் தாண்டியதும் தாளை நனைத்தேன்.
மை பூசி, துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால்.
சக்கரம் இன்னும் அதே பல்லில் அடம்பிடிக்கிறது.

கம்பளியைத் தூக்கினேன்.
விலாங்கு அங்கேயே இருந்தது, நாணலுக்கடியில் சுருண்டு.
அதன்மேல் சாய்ந்தும் கோணியும்
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு
மழை.
பாதி வருடம் பெய்கிற ஊரில்
ஒருநாளும் அவர் மழை வரைந்ததில்லை.

வலது மூலையைக் காலியாக விட்டேன்.
ஓரத்தில் கட்டைவிரல்.
கத்தி மேசையில்தான் இருந்தது.