எழுபது சதவீதத்துக்கு மேல்

சுமை எழுபது சதவீதத்தைத் தாண்டினால்
உருள மாட்டான், தொப்பென்று விழுவான்,
லாரியிலிருந்து தள்ளிவிட்ட அரிசி மூட்டைபோல.
எழுந்து நிற்பதற்குள்
பாலத்தைக் காக்கும் அந்தக் கொம்புக்காரன்
கோடரியை இரண்டு முறை இறக்கிவிடுவான்.
தெரிந்துதான் போட்டிருக்கிறேன்.
மார்புக்கு இரும்பு, தொடைக்கு இரும்பு,
கண்ணுக்கு மட்டும் ஒரு கீற்று.

ஹெட்செட்டுக்குள் ஜெனிட்டா சிரிக்கிறாள்.
அவளுடைய ஆள் அரைமுழத் துணியில் நிற்கிறான்,
காலில் செருப்புகூடக் கிடையாது.
"கல்யாண பீரோ மாதிரி இருக்க.
கழட்டுடா அத."

கணக்கு என் பக்கம் என்று வாதாடினேன்.
துணிக்கு ஒரே அடி, இரும்புக்கு மூன்று.
அந்த மூன்றில் ஒன்று கைதவறியதற்கு,
ஒன்று கொட்டாவிக்கு,
ஒன்று கீழ்வீட்டு நாகரத்தினம் சார்
மோட்டார் போடும்போது திரை நடுங்குமே, அந்த நொடிக்கு.
இரும்பு தருவது
தப்பு செய்ய ஒரு இடம்.
அந்த இடம் இருப்பதால்தான் தப்பு செய்கிறாய், என்றாள்.

கொளத்தூர். மே மாதம். இரவு பதினொன்று.
ஃபேன் அறைச் சூட்டைக் கிண்டிக் கிண்டி
என் மேலேயே ஊற்றுகிறது.
பனியனோடு உட்கார்ந்து
நாற்பது கிலோ சுமக்கிறேன்.
பகலில் பெருங்குடியில் ஏசிக்குக் கீழே
எக்செல் கட்டங்களை நிரப்புகிறவன்.
அதிகபட்சம் என்னை ஒரு காகிதம் கீறும்.

அவளுக்கு மணலி.
காலை ஆறிலிருந்து இரண்டு வரை
தீப்பிடிக்காத நீல அங்கி, இரும்பு மூக்கு வைத்த ஷூ,
முழங்கை வரை கையுறை, முகத்துக்கு முன்னால் ஒரு தடுப்பு.
அப்படியே குழாய்களுக்கு நடுவே நடக்க வேண்டும்.
வியர்வை கணுக்காலுக்கு இறங்கி
ஷூவுக்குள் சளக் சளக் என்குமாம்.
"எட்டு மணி நேரம் போட்டாச்சு. இங்கயுமா?"
இதைச் சொன்னது ஒரே ஒரு தடவை,
அவள் ஆள் மருந்துக் குப்பியைத் திறந்து குடிக்கும் இடைவெளியில்.

அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது சாவு,
அவளுக்கு முப்பத்து நாலு.
அங்கே அது பெரிய விஷயமில்லை.
திரை கறுக்கும், எங்கோ ஒரு மணி அடிக்கும்,
கிணற்றடியில் மறுபடி நிற்போம்,
பாலத்துக்கு நடந்துகொண்டே
சனிக்கிழமை பிரியாணி எங்கே என்று பேசுவோம்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு போட்டோ வந்தது.
மேசைமேல் கையுறை மட்டும்.
நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே
ரப்பர் அப்பளமாகப் பொங்கி, உடைந்து, ஓட்டை.
அடுத்த போட்டோவில் கை.
கொஞ்சம் சிவப்பு. நகப்பூச்சு உரிந்திருந்தது,
அது போன வாரமே அப்படித்தான்.
கீழே: "வால்வு கசிவு. காஸ்டிக்.
ஒண்ணுமில்ல. பத்து மணிக்கு வரேன்."

பத்து மணிக்கு வந்தாள்,
அதே அரைமுழத் துணியில்.
நான் எதுவும் கேட்கவில்லை.
என் மார்புத் தகட்டை மட்டும் கழற்றினேன்.
அறுபத்தெட்டு.
உருண்டேன்.
நிஜமாகவே உருண்டேன், பூனை மாதிரி.
அவள் தட்டினாள்;
ஒரு கையால் தொடையில் தட்டுகிற சத்தம்.
அந்தக் குஷியில் இன்னொரு உருளல்,
பாலத்தின் விளிம்பு எங்கே என்று பார்க்காமல்.
ஆற்றில் விழுவதற்கு
எந்தக் கவசமும் கணக்கில் இல்லை.

பன்னிரண்டரைக்குப் பசி.
அடுத்த தெருவில் கொத்து பரோட்டா,
இரும்புமேல் இரும்பு, மாடி வரை கேட்கிறது.
பைக்கை எடுத்தேன்.
ஹெல்மெட் வழக்கம்போல் கண்ணாடியில் தொங்குகிறது.
அடுத்த தெருதானே.
ஒரு காலைத் தரையில் ஊன்றி
அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கிறேன்,
எத்தனை சதவீதம் வரும் என்று.