பிப்ரவரி அருவி

மதியம் ஒன்றரைக்குக் கவுண்டரை அடைத்ததும்
கடன் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில்
ஒரு நாளை வரைந்தோம்
உமையாளும் நூர்ஜஹானும் நானும்.

கோலாலம்பூரில் உமையாளின் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம்.
மறுநாள் சும்மா கிடக்கிறது.
சும்மா கிடக்கும் நாளை அப்படியே விட
கூட்டுறவு வங்கிக்காரிகளுக்கு மனம் வருமா?

ஏழு பத்துக்கு விமானம். எட்டேகாலுக்குத் தீவு.
வெளியே வர அரை மணி, வேனுக்கு முக்கால்.
காட்டுக்குள் ஏற ஒன்றரை மணி, இறங்க ஒன்று.
"இறங்க ரெண்டு போடு" என்றாள் நூர்ஜஹான்.
"ஏறும்போது மூச்சு மட்டும்தான் போகும்,
எறங்கும்போது முட்டியே போயிரும்."
சாப்பாட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம்.
நாலரைக்குத் திரும்பும் விமானம்.
எல்லாம் கழித்து
'தண்ணீர் – 40 நிமிடம்' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.
தலைக்கு எவ்வளவு என்று
அன்றைக்கு யாரும் வகுத்துப் பார்க்கவில்லை.

பிறகு சாமான்:
சீப்புச்சீடை ஒரு டப்பா
(காட்டில் எவ்வளவு சத்தமாகவும் கடிக்கலாம்),
துண்டு மூன்று,
அட்டைக்கு உப்புப் பொட்டலம்.
"எந்த அட்டைக்கு, ஏடிஎம்முக்கா?"
எட்டிப் பார்த்துக் கேட்டான் பியூன் சேவுகன்.
அவனுக்கு ஒரு சீடை.

ஏறிப் பழக வேண்டுமே.
காரைக்குடியோ
கல்லில் ஊற்றிய தோசை மாதிரி கிடக்கிற ஊர்.
குன்றக்குடிதான் கதி.
சனிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்.
படிகளை எண்ணுவதில்லை நான்;
எண்ணினால் முழங்கால் ஒட்டுக்கேட்கும்.
நூர்ஜஹான் மேலே மண்டப நிழலில்
எங்கள் பைகளைக் காத்தபடி காற்று வாங்குவாள்.
இறங்கும்போது அவள்தான் முதல்.

ஆனால் அங்கே வெறுங்கால்.
கால் பழகியது, ஷூ பழகவில்லை.
அதனால் அதை வங்கிக்கே போட்டுவந்தேன், சேலைக்கு அடியில்.
நகை மதிப்பீட்டாளர் குனிந்து ஒருமுறை பார்த்தார்.
மதிப்பு ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அங்கிருந்து ஒரு குரல்செய்தி, கல்யாணப் பெண்ணே பேசியது:
"அத்தை, பிப்ரவரியிலயா போறீங்க?
அப்ப அங்க மழையே இருக்காதே.
வெறும் பாறைதான் நிக்கும்.
அக்டோபர்ல வாங்க, கொட்டும்."

அக்டோபரில் கல்யாணம் இல்லை.
அக்டோபரில் லீவும் இல்லை.
மூன்று பேர் தீவு டிக்கெட்டும்
மாற்றினால் காசு வராத வகை.

ஃபேன் சுற்றுகிற சத்தம் கொஞ்ச நேரம்.
சன்னலுக்கு வெளியே ஊருணி,
பாளம் பாளமாக வெடித்து.
அதன் நடுவே
பையன்கள் நட்டுவிட்டுப் போன மூன்று ஸ்டம்பு.

உமையாள்தான் முதலில் சிரித்தாள்.
"தண்ணி இல்லாத எடத்தைப் பாக்க
ஏரோப்ளேன் ஏறிப் போற மொத ஆளுக நாமதான்டி."
அப்புறம் சிரிப்பை நிறுத்தி,
"இருந்தாலும் எதுவரைக்கும் இருந்துச்சுன்னு
பாத்த ஒடனே சொல்லிருவோம்ல" என்றாள்.

சொல்லிவிடுவோம்.
ஊருணிப் படியில் எந்த வருஷத்துத் தண்ணீர்
எந்தக் கல்லோடு நின்றதென்று
கறையைப் பார்த்தே சொல்கிறவர்கள்தானே.

துண்டை அடித்துவிடலாமா என்று கேட்டேன்.
ஒருத்தியும் பதில் சொல்லவில்லை.
மூன்றை ஒன்றாக்கினேன்.

இன்று மணி இரண்டு. கவுண்டர் திறந்தாயிற்று.
போர் போடக் கடன் கேட்டு
சாக்கோட்டைப் பக்கமிருந்து வீரணன் என்றொருவர்.
கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவிக் கொடுத்தேன்.
முன்பக்கம் முழுக்க நிரப்பிவிட்டுத்
திருப்பிப் பார்த்தவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
வெகுநேரம் படித்தார்.

"தண்ணீர் நாப்பது நிமிசம்னு போட்டிருக்கே தாயி,
மோட்டார் ஓடுற நேரமா?"

நான் வாயைத் திறப்பதற்குள்
அவரே சொன்னார்:
"நாப்பது வந்தாப் போதும்.
மொளகாய்க்குப் பாய்ச்சுனது போக
ஆளும் ஒரு குளி குளிச்சுக்கிடலாம்."