எட்டாம் நம்பர், இடது

வைத்தீஸ்வரன் கோயிலில் ஒரு ஜோடி.
ஆடுதுறைக் கல்யாண மண்டபத்தில் ஒரு ஜோடி;
அதற்கு ஈடாக யாரோ விட்டுப்போன
குதிகால் தேய்ந்த ரப்பர்
சுவாமிமலையில் போயிற்று.
ரப்பரை அரை என்று வைத்தால்
இதுவரை இரண்டரை.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை எனக்கு.
வாசல் வாசலாக ஏறி இறங்குகிறவனுக்குச்
செருப்புதான் முதல்.

கடைமுழுக்குக்கு லீவு கிடைக்கவில்லை.
கார்த்திகை ஒன்றாம் தேதி,
முடவன் முழுக்கன்று வந்தேன்.
துலாக்கட்டத்தில் கூட்டம் வடிந்திருந்தது.
நேற்றைய ஜனம் அவிழ்த்துப்போட்ட துணிகள்
படிகளில் ஊறிக் கிடந்தன.
செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் மேசை இருந்தது,
ஆள் இல்லை.

அறுநூற்று எழுபது ரூபாய். கறுப்பு.
வலதை அரசமரத்து வேருக்கிடையில் செருகினேன்.
இடதை அறுபதடி தள்ளி
விளக்குக் கம்பத்தடியில் விட்டேன்.
ஜோடியைப் பிரித்துவிட்டால்
திருடனுக்கு இரட்டை வேலை.
போதாதென்று
வேறொருவன் தன்னுடையதென்று மாட்டிக்கொள்ளாதபடி
இரண்டு வாரிலும் சிவப்பு நூல் சுற்றி
முடிச்சுப் போட்டேன்.

முதல் முழுக்கில் வலதை நினைத்தேன்.
இரண்டாவதில் இடதை.
மூன்றாவதில் நடு ஆற்று நந்தியை
நினைக்கப் பார்த்தேன்.
அதற்குள் மூச்சு முட்டிவிட்டது.

தூறிக்கொண்டிருந்தது.
வலது இருந்தது.
கம்பத்தடியில்
ஒரு பாத அளவுக்கு
காய்ந்த தரை மட்டும் இருந்தது.

ஒற்றையை எடுத்து எவன் என்ன செய்வான்?
நாய்தான் என்று முடிவு கட்டி
நாய்களைப் பின்தொடர்ந்து
மகாதானத் தெருவில் பாதி தூரம் போனேன்,
ஒரு கால் மேடு, ஒரு கால் பள்ளம்.
எதிரே வந்தவர்கள்
முகத்தைப் பார்க்கவே இல்லை.

டீக்கடை பெஞ்சில்
கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஒருவர் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.
வேட்டி வலது முழங்காலோடு முடிந்தது.
இடது பாதத்தில் கறுப்பு.
சிவப்பு நூல்.

"அது என்னுதுங்க."

என் வலதைப் பார்த்தார்.
தன் இடதைப் பார்த்தார்.
சிரிக்க ஆரம்பித்தவர் டீயைக் கீழே வைக்கவேண்டியதாயிற்று.

"ஜெகபர் அலி வச்சதுன்னுல்ல எடுத்துட்டேன்!"

நீடூர் ஜெகபர் அலிக்கு
அறுப்பு மெஷினில் போனது இடது.
இவர், சவுரிராஜனுக்கு, சக்கரையில் போனது வலது.
இருவருக்கும் எட்டாம் நம்பர்.
வருஷத்துக்கு ஒரு ஜோடி, காசு பாதிப்பாதி.
சந்தைக்கு வருகிற வழியில் ஜெகபர்
அந்தக் கம்பத்தடியில் இடதை வைத்துவிட்டுப் போவார்.
அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல்.

"ஒத்தையாக் கிடந்தா எவனும் தொடமாட்டான் தம்பி.
பதினோரு வருஷமா ஒண்ணுகூடப் போனதில்ல."

என் சொந்த மூளை என்றல்லவா
அதுவரை நினைத்திருந்தேன்.

"நேத்து உங்க முழுக்கு.
இன்னிக்கு எங்க முழுக்கு.
எங்க நாள்ல வந்து
எங்க எடத்துல ஒத்தைய வச்சா
நான் என்னன்னு நெனைக்கிறது?"

கழற்றி நீட்டினார்.
இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம்.
அறுநூற்று எழுபது ரூபாய்.
வாங்கி மாட்டிக்கொண்டேன்.
உள்ளே அவர் சூடு இருந்தது,
கம்பம் வரைக்கும் இருந்தது.

கட்டையை ஊன்றி வெறுங்காலால் முன்னே போனார்.
டீக்கு நான் கொடுத்த காசை
வேண்டாமென்று சொல்லவில்லை.

கம்பத்தடியில், அதே இடத்தில்,
பழுப்பு நிறத்தில் ஒன்று வந்திருந்தது.
சிவப்பு நூல்.
ஆட்டோ ஒன்று பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

சவுரிராஜன் காலை நுழைத்துப் பார்த்தார்.
இரண்டடி வைத்துப் பார்த்தார்.

"கறுப்புன்னுல்ல சொல்லியனுப்பினேன்,"
என்றார்,
என் காலைப் பார்த்துக்கொண்டே.