நின்றுதான் பார்க்கணும்

காலையில் வாங்கக் கூடாது ஷூ.
காலையில் என் கால் என்னுடையது.
பன்னிரண்டு மணி நேரம் போனபின்
அது அரை சைஸ் பெரிய வேறொருத்தியுடையது.
அவளுக்குத்தான் வாங்கணும்.

எமீமா சிஸ்டர் சொல்லி அனுப்பியது இது.
சாக்ஸை மறக்காதே என்றும் சொன்னாள்.
குதிகால் வலியோடு இரண்டு வருஷம்
பிரசவ வார்டில் நின்றுவிட்டு
ஓபி சீட்டு எழுதும் மேசைக்கு மாறிப் போனவள்.

எட்டு மணிக்கு ஹேண்டோவர் கொடுத்து,
பாலக்கோடு பஸ் ஒன்றை விட்டுவிட்டு
தர்மபுரி கடைவீதியில் படியேறினேன்.
தீபாவளித் தள்ளுபடித் தட்டி
பங்குனியிலும் தொங்குகிற கடை.

பேட்ஜில் நாகவேணி என்று இருந்தது.
முதலில் எடுத்து வந்தது வெள்ளை, அழகு.
வளைத்துப் பார்த்தேன், நட்ட நடுவில் மடிந்தது.
விரல் மடியும் இடத்தில் மடியணும்;
நடுவில் மடிந்தால் அது ஷூ இல்லை, தோசை.

அடுத்தது பஞ்சு.
கட்டைவிரலால் அழுத்தினேன்,
உள்ளே போன பள்ளம் மேலே வர மறந்தது.
மெத்தைச் சுகமெல்லாம் பத்து நிமிஷம்.
பத்தாவது மணி நேரத்தில் அது சேறு.

மூன்றாவதன் அடி வழுவழு.
பாட்டிலைத் திறந்து
டைல்ஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.
கல்லாவில் இருந்தவர் எழுந்தே விட்டார்.
"சார், எங்க தரையில
தண்ணி மட்டும் கொட்டுறதில்ல" என்றேன்.
உட்கார்ந்துகொண்டார்.

நாலாவது ஏழரை சைஸ்.
"உக்காந்து போட்டுப் பாருங்க மேடம்."
"உக்காந்தா எல்லா ஷூவும் நல்ல ஷூதான்.
நின்னுதான் பார்க்கணும், ஒரு கால் மணி நேரம்.
நீங்க உக்காருங்க."

அவள் கல்லாவைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
உட்கார்ந்தாள், ஸ்டூலின் விளிம்பில்,
மூணு பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டியவள் போல.

ஸ்கூல் ஷூ அடுக்கு வரை போய்த் திரும்பினேன்.
ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேகத்தில் ஒருமுறை.
டிரிப்ஸ் தீரப்போகும் கட்டிலுக்கு ஓடும் வேகத்தில் ஒருமுறை.
பிறந்ததை ஏந்திக்கொண்டு வார்மருக்குப் போகும்
வேகமில்லாத வேகத்தில் ஒருமுறை.

"சத்தம் வருதா கேளுங்க.
ராத்திரி ரெண்டரைக்கு இது கீச்சுன்னா
பத்துக் கட்டில் முழிச்சுக்கும்."
கண்ணை மூடிக் கேட்டாள்.
நான் நடப்பதை நிறுத்திய பிறகும்
மூடியபடியே இருந்தாள்.

காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறாளாம்.
மதியச் சோறு குடோனில், அட்டைப்பெட்டி மேல்.
காலில் இந்தக் கடையில் விற்காத ரப்பர் செருப்பு,
குதிகால் தேய்ந்து தேய்ந்து
காகிதமாகி இருந்தது.

குனிந்து அவள் கணுக்காலில்
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
குழி விழுந்தது.
மேலே வர நேரம் எடுத்தது.
"ஐயோ மேடம், குனியறது என் வேலை"
என்று காலை இழுத்துக்கொண்டாள்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
தட்டியில் போட்ட தள்ளுபடி இதற்குக் கிடையாதாம்.
பழைய பஸ் டிக்கெட்டின் பின்னால்
வார்டு நம்பரும் வரவேண்டிய கிழமையும் எழுதினேன்.
படுக்கும்போது காலுக்குத் தலையணை வை என்றேன்.
தலைக்கே ஒன்றுதான் இருக்கு என்று சிரித்தாள்.

பதினோரு நாள் ஆகிறது.
வலது ஷூ சமாதானமாகிவிட்டது.
இடது சுண்டுவிரல் இன்னும் பேச்சைக் கேட்கவில்லை.
வார்டுக்கு அவள் வரவில்லை.

நேற்று கடைவீதி நெரிசலில் பஸ் நின்றபோது
கண்ணாடி வழியே பார்த்தேன்.
ஷூ வாங்க ஆளே இல்லை.
நாகவேணி நின்றுகொண்டிருந்தாள்,
இரண்டு காலி ஸ்டூல்களுக்கு நடுவே.